சாமான் வண்டியில் ஏறுவதற்கு முன்னால்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதிலிருந்து)



வழக்கமாக நாம் இங்கே சேமிப்பு, கடன் தவணை, வங்கி இணைப்பு என்று பேசுவோம். இன்றைக்கு லாரி வாடகையைப் பற்றிப் பேசப் போகிறோம். பின்வரிசையில் சிலர் சிரிக்கிறீங்க. நமக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே? போன மாதம் ஒரு குழுவின் தீர்மானப் புத்தகத்தில் "அவசரக் கடன் ரூ.10,000, காரணம்: லாரி வாடகை" என்று எழுதியிருந்ததைப் பார்த்தோம். மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம் எல்லாம் பார்த்திருக்கிறோம். லாரி வாடகைக்கு அவசரக் கடன் என்பது எங்களுக்கும் புதுசு. அதனால்தான் விசாரித்தோம்.

அந்த அக்காவின் மகள் பெங்களூரில் கார்மெண்ட்ஸ் வேலையில் இருந்தவள். மருமகனுக்கு வேலை போய்விட்டது. வாடகை கொடுத்து அங்கே இருக்க முடியாமல் மே மாதம் குடும்பத்தோடு ஊருக்கே திரும்பினார்கள். வீட்டுச் சாமானை ஏற்றிவர ஒரு பேக்கர்ஸ் மூவர்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தார்கள். "எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய்" என்று போனில் ஒருவர் சொன்னார். 5,000 ரூபாய் முன்பணத்தை செல்போனிலேயே அனுப்பினார்கள். மீதி 9,000 ரூபாயை அக்கா இங்கே தயாராக வைத்திருந்தார். எங்களிடமும் கேட்டார். "பேர் கேட்ட கம்பெனி மாதிரிதான் இருக்கு, பயப்படாதீங்க அக்கா" என்று நாங்களும் சொன்னோம். அது எங்கள் தவறு. பேரைக் கேட்டோமே தவிர, ஒரு காகிதம் இருக்கா என்று கேட்கவில்லை.

வண்டி வாசலுக்கு வந்து நின்றது. டிரைவர் கையில் ஒரு சீட்டு. 21,500 ரூபாய் கொடுத்தால்தான் கதவைத் திறப்பேன், இல்லாவிட்டால் மதுரை கோடவுனுக்குத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன், அங்கே நாள் வாடகை தனி என்றார். போனில் பேசியவரைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. வண்டிக்குள்ளே தையல் மிஷின். ஒரு அட்டைப் பெட்டியில் பேத்தியின் மாற்றுச் சான்றிதழ், ரேஷன் கார்டு. ஜூன் மாதம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அக்கா என்ன செய்வார்? குழுவில் 10,000, பக்கத்து வீட்டில் 2,500 வாங்கிக் கொடுத்துவிட்டார்.

அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தோம். கூடுதலாகக் கேட்ட 12,500 ரூபாயில் ஐந்து வரி இருந்தது. மாடி ஏற்று இறக்குக் கூலி 2,000. டோல் 2,800. ஈ-வே பில் 1,500. இன்சூரன்ஸ் 2,200. பெரிய வண்டி மாற்றியது 4,000.

மாடிக் கூலி கேட்பது தப்பில்லை. பெங்களூர் வீடு இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. லோடுமேன்கள் சுமந்துதான் இறக்கினார்கள். ஆனால் போனில் பேசியபோதே எந்த மாடி என்று அவர் கேட்டிருக்க வேண்டும், நாமும் சொல்லியிருக்க வேண்டும். டோலும் அப்படித்தான். ஓசூரைத் தாண்டி சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் என்று வரும் நாற்கர சாலையில் டோல்கேட் இல்லாமல் எந்த வண்டியும் வர முடியாது. அது வண்டிக்காரருக்கு முன்பே தெரிந்த செலவு. அப்படியானால் "எல்லாம் சேர்த்து" என்று சொன்னதில் அது சேரவில்லையா?

ஈ-வே பில் சங்கதிதான் எங்களுக்கு ரொம்பக் கோபம் வந்த இடம். அது வியாபாரச் சரக்குக்கு எடுப்பது. நாம் புழங்கிய வீட்டுச் சாமானுக்கு ஈ-வே பில் தேவையில்லை என்று ஜி.எஸ்.டி. விதியிலேயே விலக்கு இருக்கிறது. தேவையில்லாத காகிதத்துக்கு 1,500 ரூபாய்! இதேபோல் சிலர் "ஆக்ட்ராய்", "நுழைவு வரி", "சேல்ஸ் டாக்ஸ் செக்போஸ்ட்" என்று கேட்பார்கள். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதே அதெல்லாம் போய்விட்டது. ஜி.எஸ்.டி. என்று வரி போட்டால் பில்லில் 15 இலக்க எண் இருக்க வேண்டும். தமிழ்நாடு என்றால் 33 என்று தொடங்கும், கர்நாடகா என்றால் 29. எண் இல்லாத பில்லுக்கு வரி கேட்டால் கொடுக்காதீர்கள். எண் இருந்தாலும், படித்த பிள்ளைகளிடம் கொடுத்து ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அது யார் பேரில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த அக்கா விஷயத்தில் போனில் சொன்ன கம்பெனி ஒன்று, சீட்டில் அச்சடித்த பேர் வேறு, முன்பணம் போன கணக்கு மூன்றாவது ஆள் பேரில். நடுவில் ஒரு புரோக்கர் இருந்திருக்கிறார்.

இன்சூரன்ஸுக்கு 2,200 வாங்கினார்களே, பாலிசி எங்கே என்று கேட்டோம். இல்லை. நம் குழுவில் எல்.ஐ.சி. பிரீமியம் கட்டினால் ரசீது வாங்காமல் விடுவோமா? எந்த இன்சூரன்ஸ் கம்பெனி, பாலிசி எண் என்ன, யார் பேரில், எவ்வளவு தொகைக்கு என்று கையில் வாங்கின பிறகுதான் பணம்.

ஐந்தாவது, பெரிய வண்டி. சாமான் அதிகமாக இருந்தது, சின்ன வண்டி கொள்ளவில்லை, ஓசூரில் மாற்றினோம் என்கிறார்கள். மகளோ அவ்வளவு சாமான் இல்லவே இல்லை என்கிறாள். யார் சொல்வது உண்மை என்று எங்களாலும் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் பட்டியல் இல்லை. ஒரு பட்டியல் மட்டும் இருந்திருந்தால் அந்த 4,000 ரூபாய்க்கு வாயே திறந்திருக்க முடியாது.

நமக்கு இதெல்லாம் தெரியாத வேலை இல்லை, சகோதரிகளே. குழுவில் ஐம்பது ரூபாய்க்கும் வவுச்சர் போடுகிறோம், கையெழுத்து வாங்குகிறோம். வெளியே போய் வண்டிக்காரரிடம் பேசும்போது மட்டும் அந்தப் பழக்கத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறோம். இனி இப்படிச் செய்வோம். ஏற்றுவதற்கு முன்னால் ஒரு முழுத்தாளில் கட்டில் 1, பீரோ 1, மிக்ஸி 1, அட்டைப் பெட்டி 8 என்று எண்ணி எழுதுங்கள். கீறல் இருந்தால் அதையும் எழுதுங்கள். அதன் கீழே மொத்தத் தொகை, அதில் டோல், பெர்மிட், பேக்கிங், ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, மாடி எல்லாம் அடக்கம் என்ற வரி, வண்டி எண், வந்து சேரும் தேதி. கம்பெனிக்காரர் கையெழுத்து. நம் தெருவுக்குள் பெரிய லாரி நுழையாது என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு, சின்ன வண்டிக்குத் தனி வாடகை கேட்பார்கள். எடைக்கு வாடகை என்றால் காலி வண்டியாக ஒருமுறை, ஏற்றிய பிறகு ஒருமுறை எடைமேடைச் சீட்டு வாங்குங்கள்.

முழுப் பணமும் முதலிலேயே கொடுக்காதீர்கள். பாதிக்கு மேல் இறக்கிய பிறகுதான். நகை, சான்றிதழ், ரேஷன் கார்டு, மருந்து ஆகியவை பஸ்ஸில் நம் மடியோடு வரட்டும். தையல் மிஷினின் தலையைக் கழற்றி எடுத்து வந்தால்கூட நல்லதுதான். அந்தப் பெட்டி வண்டியில் இல்லாமல் இருந்திருந்தால் அக்கா அன்றைக்கு இரண்டு நாள் பொறுத்திருப்பார், பேரம் நம் கையில் இருந்திருக்கும். இன்னொன்று, பழைய பிளைவுட் கட்டிலை 400 கிலோமீட்டர் சுமந்து வருவதை விட அங்கேயே விற்றுவிடுவது மேல். லோடு இறக்கிவிட்டு இந்தப் பக்கம் காலியாகத் திரும்பும் வண்டி கிடைத்தால் ரிட்டர்ன் வாடகைக்குப் பேசலாம். குறையும்.

இத்தனைக்குப் பிறகும் வாசலில் வந்து மிரட்டினால்? தனியாக நின்று அழ வேண்டாம். குழு உறுப்பினர்களைக் கூப்பிடுங்கள், பத்துப் பேர் வந்து நிற்கட்டும். வண்டி எண்ணைப் போட்டோ எடுங்கள். பேசிய வாடகையில் பாக்கி இருந்தால் அதைக் கொடுத்துவிடத் தயார் என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். அதற்கும் இறக்கவில்லை என்றால் 112-க்குப் போன் செய்யலாம். வேறு வழியில்லாமல் கூடுதல் பணம் கொடுக்க நேர்ந்தால் ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பி, ரசீதில் "ஆட்சேபத்தோடு கொடுக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பெங்களூர் போய் அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சாமான் உடைந்தாலோ தொலைந்தாலோ இன்னொரு கெடு இருக்கிறது. 2007-ஆம் ஆண்டு சாலைவழி சரக்குச் சட்டப்படி, புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். அதனால் லாரி ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அக்கா அந்த 10,000 ரூபாயில் இரண்டு தவணை கட்டிவிட்டார். சீட்டில் உள்ள ஐந்து வரியையும் எழுதி, கூடுதல் பணத்தைத் திருப்பிக் கேட்டு, கூட்டமைப்பு அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு கடிதம் தயார் செய்தோம். அக்காவே கையெழுத்துப் போட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினார். கம்பெனி அதை வாங்கிக்கொண்டதாகத் தபாலில் தெரிகிறது, பதில் வரவில்லை. மாத முடிவு வரை பார்த்துவிட்டு ஆணையத்தில் மனு கொடுக்கலாம் என்று அக்கா சொல்கிறார். அன்றைக்கு அவரோடு போக இரண்டு பேர் வேண்டும். யார் வருகிறீர்கள் என்று கூட்டம் முடிந்ததும் பேர் கொடுங்கள்.