தேடாமல் வந்த கனவு

(கொழிஞ்சாம்பாறையில் நடந்த மூத்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மதியச் சாப்பாடு முடிந்த கையோடு தூக்கத்தைப் பற்றிப் பேசு என்று என்னை நிறுத்தியிருக்கிறார் நம் செயலாளர். யாராவது கண் அசந்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நான் பட்ட பாட்டைக் கேட்டால் உங்களுக்கே புரியும்.

என் சகதர்மிணி 2019-இல் காலமானாள். கடைசி 11 நாட்கள் ஆஸ்பத்திரி வாசம். காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு எனக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வர ஆரம்பித்தது. நீளமான ஆஸ்பத்திரி வராந்தா. என் கையில் காபி பிளாஸ்க். அவள் இருக்கும் வார்டு நம்பர் மறந்துபோயிருக்கும். கதவு கதவாகத் திறந்து பார்ப்பேன். எல்லாம் வேற்று முகங்கள். வேர்த்து விறுவிறுத்து எழுந்து உட்காருவேன். மூன்று வருஷம் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆண்பிள்ளைகள் சொல்வதில்லை அல்லவா?

கடைசியில் பேரனிடம்தான் வாய் தவறிச் சொன்னேன். "தாத்தா, அது கனவுன்னு கனவுக்குள்ளயே தெரிஞ்சுண்டா பயம் போயிடும். அதுக்கு லூசிட் ட்ரீம்னு பேர்" என்றான். நான் விக்டோரியா கல்லூரியில் பௌதிகம் படித்தவன். அளந்து காட்டினால்தான் நம்புவேன். ஆனால் அளந்தே காட்டியிருக்கிறார்கள். கனவு மிகுந்த தூக்கத்தில் உடம்பின் தசைகள் செயலற்றுக் கிடக்கும்; கண் மட்டும் அசையும். 1975-இல் இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பவர், தூங்குகிற ஒருவரிடமிருந்து சமிக்ஞை வாங்கினார். முன்கூட்டியே பேசிவைத்தபடி, கனவுக்குள் இருந்துகொண்டே அவர் கண்ணை இடமும் வலமும் அசைத்தார்; கருவியில் கோடு விழுந்தது. பிறகு அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜ் தனியாக இதையே நிரூபித்து, பழகுவதற்கு ஒரு முறையும் வகுத்தார். நம் ரிஷிகள் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று உடனே கை தட்ட வேண்டாம். மாண்டூக்ய உபநிஷத் ஸ்வப்ன நிலையைப் பற்றிப் பேசுவது வாஸ்தவம். அதன் நோக்கம் வேறு.

லபெர்ஜ் முறை சுலபம். விடியற்காலையில் ஒரு கனவிலிருந்து விழித்ததும், அதை நினைவுபடுத்திக்கொண்டு, 'அடுத்த முறை கனவு கண்டால் இது கனவு என்று ஞாபகம் வரும்' என்று எண்ணியபடியே மறுபடி தூங்க வேண்டும். விடிகாலை 4 மணி ரயிலுக்குப் போக வேண்டும் என்று நினைத்துப் படுத்தால் அலாரத்துக்கு முன்பே விழிப்பு வருகிறதல்லவா, கிட்டத்தட்ட அது மாதிரி.

நான் என்ன செய்தேன்? 35 வருஷம் ஃபைல் பார்த்த புத்தி. ஒரு ரிஜிஸ்டர் போட்டேன். தேதி, நேரம், கனவின் விவரம், பலன் என்று நான்கு பத்தி. 3 மணிக்கு ஒரு அலாரம், 4 மணிக்கு ஒரு அலாரம். மூன்று மாதம் 'பலன்' என்கிற பத்தியில் 'இல்லை' என்றே எழுதினேன். படுத்தால், இன்றைக்காவது வருமா என்ற கவலை. குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்றவன் கதைதான். ரத்த அழுத்தம் ஏறியது. டாக்டர் நன்றாகத் திட்டினார். உங்களில் ரத்த அழுத்தமோ மன நோவோ உள்ளவர்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு இதில் இறங்க வேண்டாம்.

அந்த மார்கழியில் இதே ஊரில் தங்கை ஆத்துக்கு வந்தேன். கணவாய்க் காற்று பனை மரங்களைப் போட்டு உலுக்கும் காலம். மூன்றாம் நாள் காலை அவள் சொன்னாள்: "அண்ணா, உன் அலாரத்துக்கு நீ எழுந்துக்கறயோ இல்லையோ, தொழுவத்தில் மாடு எழுந்துண்டு கத்தறது. பேசாமல் தூங்கேன்." வெட்கமாகப் போயிற்று. அலாரத்தை நிறுத்தினேன். ரிஜிஸ்டர் பெட்டிக்குள் போயிற்று.

நாலைந்து நாள் கழித்து, விடியற்காலையில் காற்றுச் சத்தத்தில் தானாக விழிப்பு வந்தது. பழக்க தோஷத்தில் அந்த எண்ணம் ஒரு முறை வந்தது. வந்தால் வரட்டும் என்று புரண்டு படுத்தேன். வராந்தா வந்தது. கையில் பிளாஸ்க். இது அந்தக் கனவல்லவா என்று பளிச்சென்று தெரிந்தது! அந்தச் சந்தோஷத்திலேயே விழித்துக்கொண்டுவிட்டேன். பரபரப்பு வந்தால் கனவு கலைந்துவிடும் என்பது பழகினவர்கள் எல்லாரும் சொல்வதுதான்.

பிற்பாடு படித்தேன். 2017-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழக ஆய்வில், மூன்று உத்திகளைச் சேர்த்துச் செய்த 47 பேருக்கு ஒரு வாரத்தில் கிடைத்த வெற்றி 17 சதவீதம். எண்ணத்தை நிறுத்தி 5 நிமிஷத்துக்குள் தூங்கிப்போனவர்களுக்கோ ஏறக்குறைய 46 சதவீதம். மன இறுக்கம் இல்லாததால்தான் தூக்கம் வந்ததா, தூக்கம் சீக்கிரம் வந்ததால்தான் எண்ணம் கலையாமல் கனவுக்குள் போயிற்றா என்பது வேறு கேள்வி. என் அனுபவத்தில் இரண்டும் ஒன்றுதான். பதஞ்சலி ஆசனத்துக்குச் சொன்ன 'பிரயத்ன சைதில்யம்' என்ற பதம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. முயற்சியை விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை, தளர்த்து என்கிறார். எண்ணமே இல்லாமல் படுத்திருந்தால் எனக்கும் ஒன்றும் வந்திராது.

இரண்டாம் முறை தை மாதம் வந்தது. இந்தத் தடவை குதிக்கவில்லை. கனவு என்று தெரிந்தது. அவளைக் கூப்பிட்டால் வருவாளோ என்று ஒரு ஆசை எழுந்தது, பொய் சொல்வானேன். ஆனால் கூப்பிடவில்லை. எந்தக் கதவையும் திறக்கவும் இல்லை. வராந்தாவில் ஒரு பெஞ்சு கிடந்தது. இத்தனை வருஷமாக அது அங்கே இருந்ததா என்று தெரியாது, நான் பார்த்ததில்லை. அதில் உட்கார்ந்தேன். அவளுக்கென்று எடுத்துப்போன பிளாஸ்கைத் திறந்து, மூடியில் ஊற்றி, நானே குடித்தேன். காபி சூடாகவே இருந்தது.

செயலாளர் மணியைப் பார்க்கிறார்.