சீட்டு யாருடையது?

(கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, எங்க அம்மாவுக்குக் காசநோய் வந்தப்ப மருந்துச் சீட்டோட மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். கடைக்காரர் படிச்சிட்டு, நாலு பேர் நிக்கிற எடத்துல, "யாருக்குப்பா டி.பி.?"ன்னு கேட்டாரு. சாயங்காலத்துக்குள்ள தெரு முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. அம்மா டீக்கடைக்குப் போறதையே நிறுத்திட்டாங்க.

2014-லிருந்து காசநோய் மருந்து விற்பவர், நோயாளியின் பெயரைப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. சரி, குறிக்கட்டும். ஒரக்கச் சொல்லணும்னு எந்த விதி இருக்கு? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது.

இப்போது பிளாக்செயின் சீட்டு, டிஜிட்டல் வாலட் என்கிறார்கள். கும்பிடவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். எப்படி வேலை செய்யுதுன்னு கேப்போம்.

பிளாக்செயின் என்பது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரே பேரேடு. ஒருவர் மட்டும் திருட்டுத்தனமாகத் திருத்த முடியாது. மருத்துவரின் மின் கையெழுத்தும் இந்தப் பேரேடும் சேர்ந்தால் போலிச் சீட்டைப் பிடிக்கலாம். ஒரே சீட்டுக்கு இரண்டு கடையில் மருந்து வாங்குவதையும் தடுக்கலாம். ஆனா அம்மா பேரும் நோயும் அதுல ஏறிட்டா? ஊராவது ஒருநாள் மறந்துடும். பேரேடு மறக்காது.

ஆகவே சீட்டு நோயாளியின் வாலட்டில் இருக்க வேண்டும். பேரேட்டில் கைரேகை மாதிரி ஒரு குறியீடு மட்டும் போதும். அதிலும், ஊகிக்க முடியாத ஒரு எண்ணைக் கலந்தே குறியீடு போட வேண்டும். இல்லையென்றால் மருந்துப் பெயர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எஸ்தோனியாவில் 2010 முதல் மின் மருந்துச் சீட்டு நடக்கிறது. அடையாள அட்டையைக் காட்டினால் மருந்து. அங்கே பிளாக்செயின் வகை நுட்பம், மருத்துவப் பதிவுகளை யாரும் திருத்தவில்லை என்று உறுதிசெய்யத்தான். பதிவுகளை அதில் கொட்டிவைப்பதில்லை. தன் பதிவை யார் யார் பார்த்தார்கள் என்று நோயாளியே பார்க்கலாம். எனக்கு இதுதான் பெரிசாப் படுது.

கடைசியா ஒண்ணு. வாலட்டைத் திறக்கும் சாவி போனில் இருக்கும். எங்க வீட்ல ஒரே போன், அதுவும் என் கையில. அப்ப அம்மாவோட அந்தரங்கம் யார் கையில? கடைக்காரர் எடத்துல நான் உக்காந்தா அது விடுதலையா?

எனவே போன் இல்லாதவருக்குக் காகிதச் சீட்டு செல்ல வேண்டும். சாவி தொலைந்தாலும் மருந்து நிற்கக் கூடாது. யார் பார்த்தார் என்ற கணக்கு நோயாளிக்கு வேண்டும். இந்த மூன்றையும் கேட்டு வாங்கிவிட்டு அப்புறம் வாலட்டைப் பற்றிப் பேசுவோம்.