வீதித் தொழிலாளியாயிருந்த பிரதமர்



நோர்வேயின் தொழிற்கட்சித் தலைவர் ஐனார் கெர்ஹார்ட்சென் 1897 இல் பிறந்தார். இளமையில் வீதி அமைக்கும் கூலியாளாக உழைத்து, தொழிற்சங்கத்திலே அரசியல் பயின்றார். 1940 இல் ஒஸ்லோ நகரபிதாவான அவரை ஜேர்மனியர் பதவி நீக்கினர். 1941 இல் சிறைப்படுத்தி, பின்னர் சாக்சன்ஹவுசன் முகாமுக்கு அனுப்பினர். யுத்தம் முடிந்த 1945 இல் பிரதம மந்திரியானார். இடையிட்டு மொத்தம் 17 ஆண்டுகள் ஆண்டார்.

எனினும் மாணவரிடம் இவரைப் பற்றிப் பேசும்போது முகாமைக் காட்டிலும் ஒரு சுரங்கத்தைப் பற்றியே நான் அதிகம் சொல்வதுண்டு. 1962 நவம்பரில், வடதுருவத்தை அண்டிய ஸ்வால்பார்ட் தீவுகளில் அரசாங்கத்துக்குச் சொந்தமான நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 21 பேர் மாண்டனர். பாதுகாப்பில் குறைகள் இருந்தமையை விசாரணை வெளிப்படுத்திற்று. தொழிலாளரின் அரசாங்கமே தொழிலாளரின் உயிரைக் காக்கத் தவறியதோ என்ற வினா எழுந்தது. அவ்வினா நியாயமானதென்றே யான் கருதுகிறேன்.

பாராளுமன்றத்தில் தொழிற்கட்சிக்கு 74 ஆசனங்கள். வலதுசாரி எதிர்க்கட்சிகளுக்கும் 74. எஞ்சிய இருவரோ தொழிற்கட்சியிலிருந்து பிரிந்தோர் அமைத்த இடதுசாரிக் கட்சியினர். 1963 ஆகஸ்டில் அவ்விருவரும் எதிரணியோடு சேர்ந்து வாக்களிக்க, கெர்ஹார்ட்சென் பதவி இழந்தார். அடுத்து வந்த யோன் லிங்கின் அரசாங்கத்தையும் அதே இருவர் 28 நாட்களில் கவிழ்த்தனர். கெர்ஹார்ட்சென் மீண்டும் பிரதமரானார். 1965 தேர்தலில் தோற்று விலகிய அவர், 1987 இல் தமது தொண்ணூறாவது வயதில் காலமானார்.