வரம்பும் அன்பும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கோயில் திருவிழாவிலும், காமன் கூத்திலும், சங்கக் கூட்டத்திலும் நம் மனத்தை வருத்தும் காட்சி ஒன்றுண்டு. பலர் கூடிச் செய்யும் நற்காரியத்தை, மதுவெறியாலோ வீண் செருக்காலோ ஒருவர் கூச்சலிட்டுக் குலைத்து விடுகிறார். அப்போது நாம் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். "நம்ம பிள்ளைதானே, போகட்டும்" என்று விட்டுவிடுகிறோம். அல்லது நாலு பேர் சேர்ந்து அடித்து விரட்டுகிறோம். முன்னதால் பெண்களும் பிள்ளைகளும் விழாவுக்கு வரவே அஞ்சுகின்றனர். பின்னதால் லயத்துக்கு லயம் பகை மூளுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே வேறு வழி இல்லையா?

உண்டு. நம் சிங்கள அயலவர் போற்றும் விநய பிடகத்தில் அதனைக் காண்கிறோம். சித்தார்த்தர் அரண்மனையைத் துறந்த இரவில் உடன் சென்ற சன்னர், பிற்காலத்தில் பிக்ஷுவானார் என்பது மரபு. புத்தருக்கு நெருங்கியவர் என்ற செருக்கினால் அவர் எவர் சொல்லுக்கும் அடங்கவில்லை. புத்தர் தமது இறுதி வேளையில், சன்னருக்குப் 'பிரம்ம தண்டம்' விதிக்குமாறு ஆனந்தரிடம் கூறினார். அது அடியன்று, உதையன்று. சன்னர் விரும்பியதைப் பேசலாம். மற்றைய பிக்ஷுக்கள் அவரோடு பேசவோ, அவருக்குப் புத்தி சொல்லவோ கூடாது. அவ்வளவே.

சன்னர் முரடராயிற்றே என்று ஆனந்தர் தயங்கியபோது, பல பிக்ஷுக்களை உடன் கொண்டு செல்லும்படி மூத்தோர் கூறினர். கோசாம்பியில் தண்டனையைக் கேட்ட சன்னர் மயங்கி விழுந்தார். பின்னர் தனித்திருந்து முயன்று ஞானம் எய்தினார். ஞானம் எய்திய அப்பொழுதே தண்டனையும் நீங்கிற்று என ஆனந்தர் அவருக்கு அறிவித்தார்.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை மூன்று.

முதலாவது, வரம்பு எல்லோர்க்கும் ஒன்றே. "எங்கள் தாத்தா கட்டிய கோயில்", "நான் தலைவர் மகன்" என்பாரைவிடச் சன்னருக்கு உரிமை குறைவோ?

இரண்டாவது, அதை விதிப்பது சபை, தனியொருவரின் கோபமன்று. மத்தேயு சுவிசேஷமும் இம்முறையையே கூறுகிறது: முதலில் தனியே சொல், கேளாவிடில் ஓரிருவரோடு சென்று சொல், அதற்கும் இணங்காவிடில் சபைக்கு அறிவி.

மூன்றாவது, தண்டனைக்கு அளவும் முடிவும் வேண்டும். நெருப்பும் தண்ணீரும் மறுத்த பழைய ஊர்விலக்கு வரம்பன்று, கொடுமை. பீலித் தண்ணீரையும் சாமி கும்பிடும் உரிமையையும் எவருக்கும் மறுக்கலாகாது. குடித்து வந்தவருக்கு அன்றிரவு கூத்துக் களத்தில் இடமில்லை. மறுநாள் தெளிந்து வந்தால் விபூதி முதல் விருந்து வரை அவருக்கும் உண்டு.

ஆகவே, அடுத்த திருவிழாவுக்குக் கொடியேறுமுன், பெரியோரும் வாலிபரும் ஒன்றாய் அமர்ந்து இவ்விதிகளை வகுப்போம். சண்டை மூண்டபின் விதி தேடினால், அது பழிவாங்குதலாகவே தோன்றும்.

மலைச் சரிவில் கான் வெட்டாத மலையின் மண்ணை ஒரு பெருமழை அடித்துக்கொண்டு போய்விடும். கான் மழையைப் பகைப்பதில்லை. அதற்குப் போகும் வழியைக் காட்டுகிறது. வழிதவறும் நம் சகோதரருக்கும் நாம் வெட்ட வேண்டியது அத்தகைய கானே.