பத்தாங்கட்டையில் ஒரு சோமப்பா கிராமம்

(நமது ஆலயத் திருவிழாவில் ஆற்றிய உரை)

 

கோயிலையும் ஊரையும் பிரித்தெண்ணாதவர் நம் முன்னோர். ஆதலின், கோயில் விழாவில் ஊர்க்கதை பேசுவது பொருத்தமே.

தெம்பனிஸ் என்றதும் அடுக்குமாடி வீடுகளும், 1992இல் இந்நகர் பெற்ற உலகக் குடியிருப்பு விருதும் நம் நினைவுக்கு வரும். ஆயின் இப்பெயர் நகரினும் மூத்தது. வன்மரம் ஒன்றின் பெயர் அது. மரமும் தோட்டமும் மணற்குழியும் நிறைந்த நாட்டுப்புறத்தினூடே சென்ற தெம்பனிஸ் சாலை, கிழக்கே அப்பர் சாங்கி சாலையோடு கூடியது. அப்பகுதியில், பத்தாங்கட்டையருகே விளங்கியது சோமப்பா கிராமம்.

யார் இந்தச் சோமப்பா? ஹன்மா சோமப்பா என்னும் இந்திய நிலக்கிழார். இவர்தம் மைந்தர் வில்லியம் லாரன்ஸ் சோமா பாசப்பா, 1928இல் பொங்கோலில் விலங்குக் காட்சிசாலை அமைத்துப் புகழ்பெற்றவர். இந்தியர் ஒருவரின் பெயர் தாங்கிய அவ்வூரில் சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் அண்டை அயலாராய் வாழ்ந்தனர். சாலையோரம் கடைகள், உள்ளே அத்தாப்பும் தகரமும் வேய்ந்த வீடுகள். 1951இல் அங்கே தொடங்கப்பெற்ற ரெட் சுவஸ்திகா பள்ளி, 1981இல் பிடோக்கிற்குப் பெயர்ந்து இன்றும் நடைபெறுகிறது. மக்களோ அடுக்குமாடிகளில் குடியேறினர். ஊர் மறைந்தது.

அருகில் 1936இல் எழுந்த சாங்கிச் சிறையின் வாயிலும் மதிற்பகுதியும் காவற்கோபுரங்களும் 2016இல் தேசிய நினைவுச்சின்னமாயின. சோமப்பா சாலையிலுள்ள பல்கலைக்கழகத்திலோ, நடிகர் ஜாக்கி சான் வழங்கிய நான்கு பழஞ்சீனக் கட்டடங்கள் மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. மிங், சிங் அரசமரபுக் காலத்து வீடுகள் கடல் கடந்து வந்து நிற்கும் அவ்வட்டாரத்தில், நம் பாட்டிமார் அரிசி வாங்கிய கடையின் ஒரு தூணும் இல்லை. எஞ்சியது சாலைப் பலகையில் ஒரு பெயர்.

வளர்ச்சியை நான் குறைகூற வரவில்லை. குடிநீரும் மின்விளக்கும் உறுதியான கூரையும் அதனால் வந்த நன்மைகள். எனினும், கட்டடம் போனபின் ஊர் வாழ்வது மனிதர் நினைவில் மட்டுமே. அம்மனிதர்க்கும் வயது எழுபதைக் கடந்துவிட்டது.

எனவே என் வேண்டுகோள் ஒன்றே. வீட்டிலுள்ள பழைய நிழற்படங்களைப் பெரியோரிடம் காட்டுங்கள். இடம், ஆண்டு, நிற்போர் பெயர் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். இளையோர் இப்பணியை இவ்விழா நாள்களிலேயே தொடங்கலாம். எழுதாத பெயர், பெரியவரோடு போய்விடும்.

எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக!