வீட்டில் தமிழ் கற்பிக்க எந்த நூல்?

பினாங்கு ஜார்ஜ் டவுனில் உள்ள சூலியா தெருவைப் பற்றித் தோட்டப்புறத்து மக்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி அக்கரையில் இறங்கினால், சிறிது நடையில் வந்துவிடுகிற தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களைச் சூலியர் என்று அழைத்ததால் அந்தப் பெயர் ஏற்பட்டது. அதை ஒட்டிய லிட்டில் இந்தியாக் கடைகளுக்குத் தீபாவளிக்கும் கலியாணத்துக்கும் சாமான் வாங்க வரும் குடும்பங்கள், பிள்ளைக்கென்று ஒரு தமிழ்ப் புத்தகமும் தேடுவதுண்டு. பஞ்சாங்கத்துக்கும் பக்திப் பாடல் புத்தகத்துக்கும் பக்கத்தில் அரிச்சுவடி இருக்கும். வண்ணப்படம் போட்ட பயிற்சி நூல் இருக்கும். தமிழகத்துக் கதைப் புத்தகமும் இருக்கும். எதை வாங்குவது என்று தெரியாமல் மூன்றையும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மறு ஆண்டு அந்த வீட்டுக்குப் போனால் மூன்றும் புதுக்கருக்குக் கலையாமல் அலமாரிமேல் இருக்கக் காண்கிறோம். பிள்ளைக்கோ இன்னும் எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை.

வீட்டிலேயே பிள்ளைக்குத் தமிழ் கற்பிக்க நினைக்கும் பெற்றோர் எத்தகைய பாடநூலைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

இது யாருக்குத் தேவை என்று நீங்கள் கேட்கலாம். தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிற வீட்டுக்கு இந்தக் கவலை குறைவு. ஆனால் தோட்டம் துண்டாடப்பட்டோ, ரப்பர் போய்ச் செம்பனை வந்தோ, பிழைப்புக்காக வேறிடம் பெயர்ந்தோ, தமிழ்ப்பள்ளி எட்டாத தொலைவில் குடியிருக்கும் குடும்பங்கள் இன்று பல. பிள்ளை பக்கத்துத் தேசியப் பள்ளிக்குப் போகிறது. அங்கே தமிழ் வகுப்பு இல்லை. மாலையில் பாட்டி தமிழில் கேட்கிறாள். பேரன் மலாயில் பதில் சொல்கிறான். இரண்டு மூன்று ஆண்டுகளில் பாட்டி கேட்பதையே நிறுத்திவிடுகிறாள். இது நாம் நேரில் பார்த்து வருகிற நிலைமை. எஞ்சியிருக்கிற ஒரே பள்ளிக்கூடம் அந்த வீட்டின் வாசல் திண்ணைதான்.

இனி, பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாமல் எல்லாப் பாடத்தையும் வீட்டில் கற்பிக்க விரும்புகிறவர்களும் நகர்ப்புறத்தில் சிலர் இருக்கிறார்கள். நம் நாட்டில் தொடக்கக் கல்வி 2003ஆம் ஆண்டு முதல் சட்டப்படி கட்டாயம். ஆகவே அப்படிச் செய்ய விரும்புவோர் கல்வி அமைச்சின் விலக்கு பெற்ற பிறகே செய்ய வேண்டும். இதை மறந்துவிடக் கூடாது.

புத்தகத் தேர்வு என்பது நமக்குப் புதிய சிக்கல் அன்று. 1816ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் தொடங்கியபோது அங்கே தமிழ் வகுப்பும் திறந்தார்கள். சூலியா தெருவில் போய்ச் சேரும் லவ் லேன் என்ற சிறு தெருவில்தான் அந்தப் பள்ளி முதலில் நடந்தது. தமிழ் வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. பின்னர் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பத்தோ அதற்கு மேலோ பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. தோட்டத்துக்குத் தோட்டம் பள்ளிகள் வந்தன. பாடநூல்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்தே வந்தன. பால்மரக் காட்டில் வளர்ந்த பிள்ளை, தான் காணாத ஊரையும் காணாத நாணயத்தையும் பற்றி வாசித்தது. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கைக்குப் பிறகே, எம்மொழிப் பள்ளியானாலும் பாடப்பொருள் இந்த நாட்டைச் சார்ந்து பொதுவாக இருக்க வேண்டும் என்ற கொள்கை உருவானது.

இந்தப் பழைய கதையை ஏன் சொல்கிறோம் என்றால், அதே கேள்வி இன்று கடை வாசலில் ஒரு தாயின் முன்னே நிற்கிறது. உள்நாட்டுப் பாடநூலா, தமிழகத்துப் பாடநூலா?

தமிழகப் பாடநூல்களை இப்போது கைப்பேசியிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். படங்கள் அழகாக இருக்கின்றன; கதையும் பாட்டும் தாராளமாக உண்டு. அவற்றைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் வீட்டில் தமிழ் தொடங்கும் பிள்ளைக்கு அடிப்படை நூலாக, நம் தமிழ்ப்பள்ளிகளின் முதலாம் ஆண்டுத் தமிழ்ப் பாடநூலையே நாம் பரிந்துரைப்போம். அதில் வரும் பழம் ரம்புத்தானாகவும் டுரியானாகவும் இருக்கும். காசு ரிங்கிட்டாக இருக்கும். பிள்ளையின் கூட்டாளிகளில் அலியும் மெய்லிங்கும் இருப்பார்கள். வாசிக்கவே திணறுகிற பிள்ளைக்குப் பொருளும் அயலாக இருந்தால் சுமை இரட்டிப்பாகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. 2011ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டத்தில் தமிழ்மொழியைக் கேட்டல் பேச்சு, வாசிப்பு, எழுத்து, செய்யுளும் மொழியணியும், இலக்கணம் என்று ஐந்தாகப் பிரித்து, படிப்படியாக அமைத்திருக்கிறார்கள். பழமொழியும் திருக்குறளும் மரபுத்தொடரும் ஆண்டுக்குச் சில என்று அளவோடு வருகின்றன. அந்த வரிசையில் நடந்து வந்த பிள்ளை, எந்தப் பள்ளியில் படித்தாலும், பிற்காலத்தில் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியை எடுக்க வழி திறந்திருக்கும். தமிழகத்துக் கதைகளை இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு துணைநூலாக வைத்துக்கொள்ளலாம். பாடநூல் எங்கே கிடைக்கும் என்பதை எந்தத் தமிழ்ப்பள்ளியில் விசாரித்தாலும் சொல்வார்கள், மின்னூலாகவும் கிடைக்கிறது.

பயிற்சி நூல்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆறாம் ஆண்டில் நடந்துவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அந்தத் தேர்வுக்கென்று அச்சடித்த கேள்வித்தொகுப்புகள் பழைய புத்தகக் கடைகளிலும் உறவினர் வீடுகளிலும் இன்னும் கிடக்கின்றன. விலை மலிவு என்று அள்ளிக்கொண்டு வந்து, இன்னும் வாசிக்கத் தெரியாத பிள்ளையைக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறோம். நிரப்பத்தான் செய்கிறது! பின்பக்கத்தில் விடை இருக்கிறதே.

பழைய நூல் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. தாத்தா காலத்துப் புத்தகத்தைக் கொடுத்தால் சில எழுத்துகளைப் பிள்ளை அடையாளம் காணாமல் விழிக்கும். 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. பின்னர் நம் நாட்டுப் பாடநூல்களும் அதே வடிவத்தைக் கொண்டன. லகர ஐகாரத்துக்கு யானைத் துதிக்கைபோல் மேலே ஒரு சுழி இருந்தது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அப்புத்தகங்களைத் தூக்கி எறிய வேண்டாம். பாட்டி வாசித்துக் காட்டட்டும். பிள்ளை தானாக வாசிக்க மட்டும் புதிய எழுத்தில் உள்ளதைக் கொடுங்கள்.

சரி, நூல் வந்துவிட்டது. எங்கே தொடங்குவது? பலர் 247 எழுத்தையும் வரிசையாக ஒப்புவிக்க வைத்துவிட்டுத்தான் சொல்லுக்கு வருகிறார்கள். ங, ஙா, ஙி என்று அந்த வரிசை முழுவதையும் ஒரு வாரம் பாடுகிற பிள்ளைக்கு, தங்கை, சங்கு, மாங்காய் என்று மெய்யெழுத்தாக வருவது தவிர அந்த வரிசையால் அன்றாடம் பயன் ஏதும் இல்லை. ட, ப, ம என்ற மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்குக் கோடு எளிது. புள்ளி வைக்கத் தெரிந்தால் படம், பட்டம், மட்டம் என்று அன்றைக்கே மூன்று சொல் வாசித்துவிடலாம். பிறகு ர, ழ சேர்ந்தால் மரம், பழம். முதல் நாளே ஒரு சொல்லை வாசித்துவிட்ட பிள்ளை மறுநாள் தானாகப் பாயை விரித்துக்கொண்டு உட்காரும்.

மலாய்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் வாசிப்பில் இரண்டு இடங்களில் முட்டும். பெற்றோர் இதை அறிந்திருந்தால் வீணாகக் கோபம் வராது. ஒன்று, ஒலி. ரோமன் எழுத்தில் 'கே'க்கு ஓர் எழுத்து, 'ஜி'க்கு வேறோர் எழுத்து. தமிழில் கடலுக்கும் தங்கத்துக்கும் ஒரே ககரம். இடத்தைப் பொறுத்து ஒலி மாறுகிறது. பழத்தின் பகரமும் அம்பின் பகரமும் அப்படியே. இதற்கு விதி சொல்லி விளங்க வைக்க முடியாது. காதில் விழுந்து பழக வேண்டும். நாள்தோறும் தமிழ் கேட்கிற பிள்ளை சரியாகச் சொல்லிவிடும். கேளாத பிள்ளை 'தங்கம்' என்பதைக் கல்லைக் கடிப்பதுபோல் வாசிக்கும். மற்றொன்று, குறி நிற்கும் இடம். கெ, கே, கை ஆகியவற்றில் பின்னால் ஒலிக்கிற உயிருக்கு உரிய குறி முன்னால் நிற்கிறது. கொ, கோ என்றால் இருபுறமும் அணைத்து நிற்கிறது. இடமிருந்து வலமாக ஒலியும் எழுத்தும் சேர்ந்து ஓடிப் பழகிய பிள்ளை இங்கே தடுமாறுவது இயல்பு. கு, சு, து, பு என்று எழுத்துக்கு எழுத்து கோலம் மாறும் உகர வரிசைக்கும் தனியே சில நாள் ஒதுக்குங்கள். கையில் எடுக்கும் நூல் இந்த இடங்களில் நின்று, போதிய சொற்களைக் கொடுத்துப் போகிறதா, அல்லது ஒரே பக்கத்தில் அள்ளிக் கொட்டிவிட்டு அடுத்த பாடத்துக்கு ஓடுகிறதா என்று கடையிலேயே புரட்டிப் பாருங்கள். அட்டை எவ்வளவு பளபளப்பு என்பதைவிட இது முக்கியம்.

ஏற்கெனவே ஓரளவு வாசிக்கும் பிள்ளை என்றால் கூடவே அழைத்துப் போங்கள். நூலின் நடுப்பக்கம் ஒன்றை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். இடறும் சொல்லுக்கு ஒரு விரலை மடக்குங்கள். பக்கம் முடியுமுன் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்த நூலுக்கு இன்னும் காலம் வரவில்லை. ஒரு விரலும் மடங்காவிட்டால் அதை விட்டு அடுத்த படியைப் பாருங்கள். வயதையும் வகுப்பு எண்ணையும் பார்த்து வாங்காதீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முதலாம் ஆண்டு நூல் வாங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

காலையில் பிரட்டுக்குப் போய், செம்பனைக் காட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்பும் தாய்க்கு எவ்வளவு நேரம் இருக்கும் என்பது நமக்குத் தெரியும். அரைமணி நேரம் போதும். ஆனால் அதையும் எழுத்து வேலையில் தொடங்காதீர்கள். முதல் பத்து நிமிடம் பேச்சு. பாட்டி ஒரு சங்கதி சொல்லட்டும். பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். அது சொன்னதில் ஒரு வாக்கியத்தைத் தாயோ அக்காளோ நோட்டில் எழுதட்டும். "அம்மா காடியிலே பசாருக்குப் போனாங்க" என்று பிள்ளை சொன்னால், கேலி செய்யாமல், "அம்மா மகிழுந்தில் சந்தைக்குச் சென்றார்" என்று எழுதி, "நாம் பேசுவது அப்படி, எழுதுவது இப்படி" என்று காட்டுங்கள். பேச்சுத் தமிழ் கொச்சை என்று திட்டினால் பிள்ளை பேசுவதையும் விட்டுவிடும். தன் வாயிலிருந்து வந்த வாக்கியத்தைத் தானே வாசிக்கும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். எந்தக் கடைப் புத்தகமும் அந்த மலர்ச்சியைத் தராது. அடுத்த பத்து நிமிடம் பாடநூல், ஒரு பக்கம் மட்டும். மிச்ச நேரம் அந்தப் பக்கத்திலிருந்தே இரண்டு மூன்று சொற்களைச் சொல்வதெழுதுதல். ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் கலக்காதீர்கள். ஒன்று உறுதிப்பட்ட பிறகு அடுத்தது.

"எனக்கே எழுத்து சரியாக வராதே" என்று சொல்லும் தாய்மார் இருக்கிறார்கள். பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் ஒரு பக்கம் படியுங்கள். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, லயத்து வீடுகளில் ஒரே கைப்பேசியைச் சுற்றி அமர்ந்து, பிள்ளைக்கு வந்த தமிழ்ப் பாடத்தை அம்மாவும் சேர்ந்து எழுதியதை நாம் அறிவோம். அந்தப் பிள்ளைகள் தாயைக் குறைவாக நினைக்கவில்லை. திருத்திக் கொடுத்து மகிழ்ந்தார்கள்.

கடைசியாக ஒன்று. வீட்டில் கற்பிக்கத் தொடங்கியதும் பள்ளியை விட்டுவிட வேண்டாம். தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், வசதிக்கு ஏற்பத் தமிழ்மொழி வகுப்பு நடத்த 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் லயத்திலும் அடுத்த கம்பத்திலும் தமிழ்ப் பிள்ளைகளைக் கணக்கெடுங்கள். தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதத்தில் பிள்ளையின் பெயர், வகுப்பு, பெற்றோர் கையொப்பம் மூன்றும் இருக்கட்டும். நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரத் தாமதமாகலாம். அதுவரை திண்ணையில் ட, ப, ம நடக்கட்டும்.