இரு தொட்டில், ஒரு தாலாட்டு



அண்ணனும் தங்கையும் சற்று அன்பாகப் பேசி நின்றால், 'பாசமலர் ஓடுகிறது' என்று அருகிருப்போர் கேலி செய்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒரு திரைப்படத்தின் பெயர் அறுபது ஆண்டுகள் கடந்தும் மக்கள் நாவில் வழங்குவது சிறப்பே. ஆயினும், படத்தைக் காணாமலேயே அதனை நகைப்புக்குரியதாகக் கொள்வது முறையன்று. அளவுக்கு மீறி அழவைக்கும் படம் என்ற குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

1961-ஆம் ஆண்டு ஏ. பீம்சிங் இயக்கத்தில் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம் 'பாசமலர்'. அவருடைய 'பாவ மன்னிப்பு', 'பாலும் பழமும்' ஆகியனவும் அதே ஆண்டில் வந்தவையே. சிவாஜி கணேசன் அண்ணனாகவும், சாவித்திரி தங்கையாகவும், ஜெமினி கணேசன் தங்கையின் கணவனாகவும் நடித்தனர். உரையாடல் ஆரூர்தாஸ், பாடல்கள் கண்ணதாசன், இசை விசுவநாதன், ராமமூர்த்தி.

கதை எளியது. பெற்றோரை இழந்த இருவர் ஒருவருக்கொருவர் துணையாக வாழ்கின்றனர். ஆலை மூடப்பட்டு அண்ணன் வேலை இழந்தபோது, பொம்மை செய்து விற்றுத் தான் சேர்த்து வைத்த பணத்தைத் தங்கை எடுத்துக் கொடுக்கிறாள். அதுவே முதலாகித் தொழில் பெருகுகிறது, செல்வம் சேர்கிறது. தொழிலாளர் பக்கம் நிற்கும் ஒருவனைத் தங்கை விரும்புகிறாள். அண்ணன் முதலில் சினந்து, பின்னர் இசைகிறான். திருமணத்திற்குப் பிறகு, உறவென்று வந்து புகுந்தவர்களின் சூழ்ச்சியால் குடும்பம் பிளவுபடுகிறது.

இப்படத்தின் இசையைப் பற்றிப் பேசுமுன், அதனை அமைத்த இருவரையும் அறிந்து கொள்ளுதல் வேண்டும். இசையமைப்பாளர் சி. ஆர். சுப்பராமனிடம் பணிபுரிந்த இருவரும், 1952-இல் அவர் மறைந்தபின் இணைந்தனர். வயலின் வல்லுநர் ராமமூர்த்தி. ஆர்மோனியத்தில் மெட்டமைப்பதில் தேர்ந்தவர் விசுவநாதன். அவ்விணை 1965 வரை நீடித்தது. பாட்டின் சொல் செவிக்குத் தெளிவாக விழவேண்டும் என்பதில் அவர்கள் கருத்தாக இருந்தனர். வாத்தியங்கள் சொல்லுக்கு வழிவிட்டு நிற்பதை அவர்கள் பாடல்களில் எங்கும் காணலாம்.

இப்படத்தில் மணமகளைத் தோழியர் அழைத்துவரும் பாட்டு ஒன்று உண்டு. எல். ஆர். ஈசுவரிக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது அதுவே. தமிழ்நாட்டில் அப்பாட்டு ஒலிபெருக்கியில் முழங்காத திருமணப் பந்தல் அரிது. படத்தில் அத்திருமணமே பிளவுக்கு வாயிலாகிறது என்பதை, அதனை ஒலிபரப்பிய எவரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை! கதையை மறந்து பாட்டை மட்டும் மக்கள் எடுத்துக்கொண்டனர்.

ஆனால் தாலாட்டை அவ்வாறு கதையினின்று பிரித்தெடுக்க இயலாது. பிளவு நேர்ந்துவிட்டது. அண்ணனுக்கும் குழந்தை, தங்கைக்கும் குழந்தை. ஆளுக்கொரு தொட்டிலருகே நின்று இருவரும் பாடுகின்றனர். டி. எம். சௌந்தரராசன் குரலும் பி. சுசீலா குரலும் ஒரே மெட்டில் மாறி மாறி வருகின்றன. கேட்கும் நமக்கு அது ஒரே பாட்டு. பாடுகின்றவர்களுக்கோ அவரவர் தனிமை.

நம் நாட்டுப்புறத் தாலாட்டுகளில் தாய்மாமன் பெருமை பாடப்பெறாத தாலாட்டைக் காண்பது அரிது. மாமன் கொண்டுவரும் சீர், மாமன் வாங்கித் தரும் அணிகலன், மாமன் மகளை மணமுடிக்கும் உரிமை ஆகியன யாவும் தொட்டிலருகே பாடுதற்குரியவை. கற்றோர் போற்றும் பிள்ளைத்தமிழிலும் தாலப் பருவம் உண்டு. ஆயினும் குடும்ப உறவின் இச்செய்திகள் பாட்டிமார் வாய்மொழியிலேயே மிகுதியாக வாழ்கின்றன. இப்பொழுது அத்தங்கையின் நிலையை எண்ணிப் பாருங்கள். அண்ணனைப் பற்றி அவ்வீட்டில் நல்ல சொல் ஒன்றைச் சொல்ல அவளுக்கு வாய்ப்பில்லை. ஆனால் குழந்தைக்குத் தாலாட்டுப் பாடினால் மாமனைப் பாடித்தான் ஆகவேண்டும், அது மரபு. வழக்கிட்டுப் பிரிந்தவர்களும் தடுக்கவியலாத மரபு. அம்மரபின் மறைவில் நின்று, தன் நெஞ்சில் உள்ளதை அவள் பாடிவிடுகிறாள். பக்கம் பக்கமாக எழுதிய உரையாடல் செய்ய இயலாததைக் கண்ணதாசன் ஒரு தாலாட்டில் செய்தார். மெட்டும் ஓலமிடவில்லை, தொட்டிலின் அசைவோடு அமைதியாகவே செல்கிறது. இப்படத்தில் மிகக் குறைவாக அழுவது இப்பாட்டு. மிகுதியாக நெஞ்சை உருக்குவதும் இதுவே.

1962-இல் இக்கதை 'ராக்கி' என்னும் பெயரில் இந்தியில் வந்தது, இயக்கியவர் பீம்சிங்கே. வடநாட்டில் உடன்பிறந்தாள் கட்டும் காப்புக் கயிற்றின் பெயர் அது. அங்கே ஒரு நூலிழை சுமக்கும் உறவை இங்கே தாய்மாமன் முறை சுமக்கிறது.

இனிக் குறையைக் கூறுகிறேன். பிளவுக்குரிய பழி முழுவதையும் வெளியிலிருந்து வந்தவர்கள்மேல் ஏற்றிவிடுவது எளிய வழி. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே தொடக்கத்தில் எழும் உண்மையான வழக்கு பிற்பகுதியில் மங்கிப்போகிறது. இறுதியில் அண்ணன் பார்வையிழந்து மாள, தங்கையும் உடன் மாள்வது எனக்கு உடன்பாடன்று; பெண் குழந்தை ஒன்று இருக்கையில் தாய் இறப்பதைப் பாசத்தின் வெற்றி என எவ்வாறு கொள்வது?

நான் பணியில் இருந்தபோது, இப்படத்தைக் குறித்து வகுப்பில் பேசிக்கொண்டிருக்கையில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, தொழிலுக்கு முதல் போட்டவள் தங்கைதானே? அவள் ஏன் முதலாளி ஆகவில்லை?" என்று வினவினாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அண்ணன் அவளைப் பட்டிலும் பொன்னிலும் வைத்துக் காத்தான். கணக்கேட்டின் அருகே அமர்த்தவில்லை. அவள் கைப்பட்ட பொம்மைகள் படத்தின் முற்பகுதியிலேயே நின்றுவிட்டன. அதன்பின் தன் நெஞ்சைத் திறந்து பேச அவளுக்குக் கிடைத்த இடம் அந்தத் தொட்டிலின் ஓரமே.